நால்வரை நேசிப்போம், நாற்றிசையும் கேட்போம்!

1965 ஆகஸ்டு 15. அமெரிக்காவின் நியூயார்க் நகரம். ஷீ விளையாட்டரங்கம். பந்தாட்டம் நடந்திடும் அந்தத் திடலிலே அன்று பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. பாட்டுக் கேட்க வந்து குவிந்த கூட்டம்! 55,000 பேருக்கு மேல்! மேடையிலே நான்கு இளைஞர்கள். மூவர் கையில் கிதார். ஒருவர் முன்னே டிரம். பீட்டில்ஸ் என்பது அந்தக் குழுவின் பெயர்.

அவர்கள் பாடத் தொடங்கினர். கூட்டம் கத்தத் தொடங்கிற்று. கத்தல் என்றால் சாதாரணக் கத்தலா? காது கிழியும் கத்தல்! கண்ணீர் விட்டு அழுதவர் எத்தனை பேர்! கைகளை நீட்டித் துடித்தவர் எத்தனை பேர்! மயங்கி விழுந்தவர்களும் உண்டு.

பாட்டு எழுந்ததா? எழுந்தது. கேட்டதா? அதுதான் இல்லை!

அந்நாளைய ஒலிபெருக்கிகளால் அந்தக் கூச்சலை வெல்ல முடியவில்லை. வந்தவர் காதுக்குப் பாட்டு எட்டவில்லை. அது போகட்டும், பாடியவர் காதுக்கே தம் பாட்டு எட்டவில்லை! டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டார், முன்னே நிற்கும் தோழர்களின் உடல் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்திலே போய்க்கொண்டிருக்கிறது என்று கண்டுகொள்வாராம். பின்னாளில் அவரே சொன்ன செய்தி இது.

பாருங்கள் வேடிக்கையை! காசு கொடுத்துச் சீட்டு வாங்கினர். கால் கடுக்க நின்றனர். கண் குளிரக் கண்டனர். பாட்டை மட்டும் கேளாமல் வீடு திரும்பினர்! அன்பு இல்லையா அவர்களுக்கு? இருந்தது. அளவுக்கு மிஞ்சியே இருந்தது. அந்த அன்பே பாட்டை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது!

மறு ஆண்டு, 1966 ஆகஸ்டு 29-இல், சான்பிரான்சிஸ்கோ நகரில் பாடியதோடு, ஊர் ஊராய்ச் சென்று பாடுவதையே அந்த நால்வரும் நிறுத்திக்கொண்டனர். காரணங்கள் பல. இந்தக் கூச்சலுக்கு நடுவே தம் இசை தேய்கிறது என்ற வேதனை அவற்றிலே முக்கியமான ஒன்று.

தோழர்களே! அந்தக் குழு 1970-இல் கலைந்துவிட்டது. ஜான் லெனான் 1980-இல் கொலையுண்டார். ஜார்ஜ் ஹாரிசன் 2001-இல் மறைந்தார். ஆனால், அவர்கள்பால் கொண்ட பற்று கலையவில்லை. உலகெங்கும் இருக்கிறது. நம் ஊரிலும் இருக்கிறது. ஆங்கிலம் அரைகுறையாய்ப் புரிந்தாலும் அந்தப் பாட்டின் துள்ளலிலே மனத்தைப் பறிகொடுத்த இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிலே சிலர் கட்டிக்கொண்டு அழும் கேள்வி ஒன்று உண்டு.

ஒரு குழுவை உயிராய் நேசிப்பவன் வேறு இசையைக் கேட்கலாமா? கேட்டால் பற்றுக் குறைந்தது என்றாகிவிடாதா? கேளாவிட்டால் கிணற்றுத் தவளை என்று பெயர் வந்துவிடாதா?

சிறிய கேள்வியாகத் தோன்றும். சிறிய கேள்வி அல்ல. பற்று என்பது மனிதனுக்குக் கண் தருவதா, கண்ணைக் கட்டுவதா என்ற பெரிய கேள்வியின் சின்னஞ்சிறு பிள்ளை அது. எனவேதான் பேசிட விழைகிறேன்.

* * *

முதலில் ஒன்று. பற்றுக் கொண்டவனைக் கேலி பேசும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான்.

எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு வீடு திரும்புகிறான் தொழிலாளி. அவனுக்குப் பழகிய பாட்டு ஒன்று போதும். பாதிக் களைப்புப் பறந்திடும். அடுத்த அடி எது என்று தெரியும். எங்கே குரல் ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியும். தெரிந்த வீட்டுக்குள் இருட்டிலும் தடுக்காமல் நடப்பதுபோல அந்தப் பாட்டுக்குள் நடந்திடுவான். அந்த இன்பத்தைப் பறித்திட யாருக்கு உரிமை உண்டு?

அதிலும் இந்த நால்வர், பற்று வைத்திடத் தகுதி வாய்ந்தவர்களே. மாளிகையிலே பிறந்து பொன் தொட்டிலிலே ஆடியவர்கள் அல்லர். லிவர்பூல், கப்பல் வந்து தங்கும் ஊர், உழைப்பாளர் ஊர். ஜான் லெனானின் தந்தை கப்பலிலே வேலை பார்த்தவர். பால் மெக்கார்ட்னியின் தாய் தாதி. தந்தை பருத்தி வணிக நிறுவனத்திலே விற்பனையாளர். ஜார்ஜ் ஹாரிசனின் தந்தை பஸ் ஓட்டுநர். ரிங்கோவோ நோயிலே அடிபட்டு, பள்ளிப் படிப்பு முறிந்து, தொழிற்சாலையிலே பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளை. ஹாரிசனும் மின்சார வேலை பழகச் சென்றவர்தான்.

நம்மைப்போன்ற வீட்டுப் பிள்ளைகள் நாடாளும் தலைவர்களும் திரும்பிப் பார்க்கும் நிலைக்கு உயர்ந்தார்கள் என்றால் நெஞ்சு நிமிராதா? நிமிரும். நிமிரட்டும்!

ஆனால், நிமிர்ந்த நெஞ்சோடு ஒரு கேள்வி கேட்டிடுவோம். இந்த நால்வர் எப்படி இந்த நால்வர் ஆனார்கள்?

* * *

கேளுங்கள் அந்தக் கதையை.

லிவர்பூல் துறைமுகத்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் போக்குவரத்து இருந்தது. அமெரிக்க இசைத்தட்டுகள், கடைக்கு வருவனவும் கப்பல்காரர்கள் கொண்டு வருவனவுமாக, அந்த ஊர்ப் பிள்ளைகள் கைக்குக் கிடைத்தன. லிட்டில் ரிச்சர்டு, சக் பெர்ரி என்ற கருப்பின இசைவாணர்களின் பாட்டுகள். பட்டி ஹாலி, கார்ல் பெர்கின்ஸ் என்ற வெள்ளையர்களின் பாட்டுகள். இனம் பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டனர். தேய்ந்து போகும்வரை கேட்டனர். கேட்டதைக் கிதாரிலே தடவித் தடவிக் கண்டுபிடித்தனர்.

1960-இல் அந்தக் குழு செர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்றது. கப்பல்காரர்கள் குடித்துக் கூத்தடிக்கும் விடுதிகளிலே வேலை. சில இரவுகளில் ஆறு மணி நேரம்வரை மேடையிலே நிற்க வேண்டும். சொந்தச் சரக்கு எத்தனை நாழிகைக்கு வரும்? எனவே, கிடைத்த பாட்டையெல்லாம் பாடினர். துள்ளல் பாட்டு, கிராமியப் பாட்டு, நாடகப் பாட்டு, திரைப்பாட்டு, எதையும் விடவில்லை. 'இது நம் வகை அல்ல' என்று ஒதுக்கியிருந்தால் இரவு நகர்ந்திராது, வயிறும் நிறைந்திராது!

1963 பிப்ரவரி 11. இலண்டனிலே ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்து முதல் பெரிய இசைத்தட்டை முடித்தனர். அந்தத் தட்டிலே மொத்தம் 14 பாட்டுகள். அவற்றிலே எத்தனை அவர்கள் எழுதியவை? எட்டு. மிச்சம் ஆறு? மற்றவர்களுடையவை! அதே ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாவது தட்டிலும் 14 பாட்டுகள். அவற்றிலும் ஆறு மற்றவர்களுடையவை!

அந்த ஆறிலே மூன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்தவை. டெட்ராய்ட் எது? மோட்டார் கார் செய்யும் ஊர். அங்கே கார்த் தொழிற்சாலையின் வரிசையிலே நின்று வேலை பார்த்தவர் பெர்ரி கார்டி என்ற கருப்பின இளைஞர். 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். மோட்டவுன் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அந்த நிறுவனத்திலே பாடிய மார்வலெட்ஸ் என்ற பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! அவர்கள் 1961-இல் பாடிய தபால்காரர் பாட்டு அமெரிக்காவிலே முதலிடம் பிடித்தது. அதைத்தான் லிவர்பூல் இளைஞர்கள் தம் இரண்டாம் தட்டிலே பாடினர்.

நன்றி மறவாதவர்கள் அவர்கள். 1964-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரிலே பாட அழைத்தபோது, வெள்ளையர் ஒரு புறம், கருப்பர் ஒரு புறம் என்று பிரித்து உட்கார வைத்தால் பாட மாட்டோம் என்றனர். பிரிவினை இல்லை என்று உறுதியான பிறகே, செப்டம்பர் 11-இல் மேடை ஏறினர். யாரிடம் பாட்டுக் கற்றார்களோ, அந்த மக்களை ஓரத்திலே உட்கார வைத்துவிட்டுப் பாட அவர்கள் மனம் ஒப்பவில்லை!

இப்போது சொல்லுங்கள். 'பீட்டில்ஸைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டேன்' என்கிறான் ஒருவன். அந்தச் சபதத்தை பீட்டில்ஸே எடுத்திருந்தால்? அந்த நால்வரும் ஒருவரை மட்டுமே கேட்டு, ஒருவரை மட்டுமே போற்றி, ஊரின் மற்ற ஒலிகளுக்கெல்லாம் காதை மூடியிருந்தால்? ஹாரிசன் மின்சாரக் கம்பி இழுத்துக்கொண்டிருப்பார். ரிங்கோ தொழிற்சாலையிலே சங்கு ஊதக் காத்திருப்பார். இவன் போற்றிட பீட்டில்ஸே இருந்திராது!

* * *

முதல் தட்டிலே மற்றவர்களுடைய ஆறு பாட்டு என்றேனே, அவற்றிலே ஒன்று 'அன்னா' என்ற பெண்ணின் பெயரால் தொடங்குவது. ஜான் லெனானின் குரல் உடைந்து உருகிடும் பாட்டு. இலட்சக்கணக்கானோர் இல்லங்களிலே ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. எழுதியவர் யார்?

ஆர்தர் அலெக்சாண்டர்.

கேள்விப்பட்ட பெயரா? பீட்டில்ஸ் ரசிகர் பலரும் விழித்திடுவர். நால்வரின் பிறந்த நாள் தெரியும். மனைவியர் பெயர் தெரியும். எந்தக் காரிலே சென்றார்கள் என்பதும் தெரியும். உருகி உருகிக் கேட்கும் பாட்டை எழுதியவன் பெயர் தெரியாது!

அலெக்சாண்டர், 1940-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே பிறந்த கருப்பினத்தவர். ஓட்டலிலே வருவோர் போவோரின் பெட்டி தூக்கிய பணியாளர். 1961-இல் அவர் பாடிய பாட்டு ஒன்று வெற்றி பெற்றது. அதை ரோலிங் ஸ்டோன்ஸ் குழு எடுத்துப் பாடிற்று. அவருடைய 'அன்னா'வை பீட்டில்ஸ் பாடினர். அவருடைய இன்னொரு பாட்டை 1988-இல் பாப் டிலன் பாடினார். உலகப் புகழ் பெற்ற மூன்று பெயர்கள். மூன்று பேரும் தேடிச் சென்ற ஒரே ஊற்று!

இவ்வளவு புகழ் பெற்ற பாட்டுகளைத் தந்தவர் என்ன ஆனார்? பாட்டு பரவிய அளவுக்குப் பணம் அவர் கைக்கு வந்து சேரவில்லை. இசையை விட்டே விலகினார். கிளீவ்லாந்து நகரிலே பஸ் ஓட்டினார்!

எண்ணிப் பாருங்கள் அந்தக் காட்சியை. அந்த பஸ்ஸிலே ஏறி இறங்கியவர்களிலே பீட்டில்ஸ் ரசிகர் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா? வீட்டிலே 'அன்னா'வைக் கேட்டுக் கண் கலங்கியவர், அதை எழுதியவருக்கே சில்லறை கொடுத்துவிட்டு, முகம் பாராமல் இறங்கிச் சென்றிருக்கக் கூடாதா?

1993-இல் மீண்டும் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பாராட்டுகள் வந்தன. அதே ஆண்டு சூன் திங்களில் இறந்துபோனார். வயது 53.

காதை மூடிக்கொள்ளும் பற்று யாருக்கு இழப்பு என்று கேட்டிடுவோர் உண்டு. 'என் காது, என் விருப்பம்; எவனுக்கு என்ன நட்டம்?' என்பர். நட்டம் உங்களுக்கு மட்டும் என்றால் நானும் பேசாதிருப்பேன். ஆனால், கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுக் கல் சுமந்தவனை மறந்திடும் பழக்கம் இருக்கிறதே, அந்தப் பழக்கத்தின் இசைப் பதிப்பு இது! உழைத்தவன் பெயரைத் தேடிப் படிப்பது உழைப்பவன் கடமை. தட்டின்மீது சின்ன எழுத்திலே அச்சிட்டிருக்கும் அந்தப் பெயரை நாம் படிக்காவிட்டால் வேறு யார் படிப்பார்கள்?

* * *

'சரி, அப்படியானால் ஒன்றிலே நில்லாமல் எல்லாவற்றையும் தாவித் தாவிக் கேட்க வேண்டியதுதானா?' என்று கேட்கிறார் ஒரு தம்பி.

அதற்கும் ஒரு கதை உண்டு.

1965-இல் பீட்டில்ஸின் பாட்டு ஒன்றிலே சிதார் ஒலித்தது. வாசித்தவர் ஜார்ஜ் ஹாரிசன். மேலை நாட்டு இளைஞரிடையே திடீரென்று சிதார் மோகம் பரவிற்று. கேட்டவர் பலர், கற்றவர் சிலர், வாங்கிச் சுவரிலே மாட்டியவரும் உண்டு!

1971 ஆகஸ்டு 1. வங்காள தேசத்து அகதிகளின் துயர் துடைக்க நிதி திரட்டிட, ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஹாரிசன் நியூயார்க்கிலே பெரும் இசை நிகழ்ச்சி நடத்தினார். ஒரே நாளில் இரு காட்சிகள். சுமார் 40,000 பேர். முதலிலே ரவிசங்கர் சிதாரோடும், அலி அக்பர் கான் சரோதோடும், அல்லா ரக்கா தபலாவோடும் அமர்ந்தனர். கம்பிகளை முறுக்கிச் சுருதி கூட்டினர். முடிந்ததும், அரங்கம் அதிரக் கைத்தட்டல்!

ரவிசங்கர் நன்றி கூறினார். சுருதி கூட்டியதே உங்களுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதென்றால், இனி வாசிக்கப்போவது இன்னும் பிடிக்கும் என நம்புகிறேன் என்ற பொருள்படச் சொன்னார். கூட்டம் சிரித்தது. சிரிப்புக்குள்ளே சிறு குட்டும் இருந்தது!

ஷீ அரங்கத்தார் பாட்டுக்கு நடுவே கத்தி, பாட்டை இழந்தனர். இவர்களோ பாட்டுத் தொடங்குமுன்னரே கைதட்டினர். முன்னது காதை மூடிய பற்று. பின்னது காதைத் திறந்துவைத்தும் கேளாத நாகரிகம். 'எல்லாம் கேட்பேன் நான்' என்று மார் தட்டிக்கொண்டு, எதிலும் ஒரு நாழிகை நிலைக்காமல் பறந்திடுவோர் இந்த இரண்டாம் வகை. ஆழம் தெரியாமல் காலை விடுவது தவறு என்பர். காலே நனையாமல் கடல் கடந்தேன் என்பது அதைவிடப் பெரிய தவறு!

ஹாரிசன் என்ன செய்தார்? அதுதான் பாடம். 1966-இல் பம்பாய் வந்து, சுமார் ஆறு வாரம் தங்கி, ரவிசங்கரிடம் மாணவனாய் உட்கார்ந்து சிதார் பயின்றார். உலகமே கொண்டாடும் ஒருவர், கால் மரத்துப்போகத் தரையிலே அமர்ந்து முதல் பாடம் படித்தார்! சில ஆண்டுகள் உழைத்தார். பிள்ளைப் பருவம் முதல் அந்தக் கருவியோடே வாழ்ந்தவர்களின் வாசிப்பைக் கேட்டபின், தாம் அந்த உயரத்தை எட்டுவதற்கில்லை என்று உணர்ந்தார். 1968 வாக்கில் சிதாரை வைத்துவிட்டுக் கிதாருக்கே திரும்பினார்.

தோல்வியா அது? இல்லை, இல்லை! திரும்பி வந்த ஹாரிசன், புறப்பட்டுச் சென்ற ஹாரிசன் அல்லர். பிற்காலத்திலே கம்பியின்மேல் வழுக்கி இழைத்து அவர் வாசித்த கிதாரில், சிதாரிடம் பெற்ற குழைவு கேட்கிறது என்று சொல்வோர் பலர். ரவிசங்கரோடு கொண்ட நட்போ, ஹாரிசன் மூச்சு நிற்கும்வரை நின்றது.

1974-இல் ரவிசங்கர் தலைமையிலே இந்திய இசைவாணர் குழு ஒன்றை வரவழைத்து, இங்கிலாந்திலே தம் இல்லத்திலேயே பாட்டைப் பதிவு செய்து, ஐரோப்பாவிலே நிகழ்ச்சிகள் நடந்திட உதவினார் ஹாரிசன். அந்தக் குழுவிலே வயலின் வாசித்தவர் சென்னையிலே பிறந்த எல். சுப்பிரமணியம். மிருதங்கம் வாசித்தவர், பாடியவர் டி. வி. கோபாலகிருஷ்ணன். யார் இந்தக் கோபாலகிருஷ்ணன்? நம் இளையராஜாவுக்குக் கர்நாடக இசை கற்பித்தவர்களிலே ஒருவர்! லிவர்பூல் பஸ் ஓட்டுநரின் மகன் வீட்டுக்கும், பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு சென்னை வந்த இளைஞரின் வீட்டுக்கும் நடுவே ஒரு மிருதங்கத்தின் தூரம்தான்! காதைத் திறந்தால் உலகம் இவ்வளவு சுருங்கிவிடும். மூடினாலோ, அடுத்த தெருவும் அந்நிய நாடு!

* * *

இன்னொரு கூட்டத்தாரையும் பார்த்திடுவோம். தாம் விரும்பும் குழுவைப் போற்றுவதோடு நில்லாமல், மற்ற குழுவைத் தூற்றினால்தான் பற்று நிறைவு பெறும் என்று எண்ணிடுவோர். 'நீ பீட்டில்ஸா? ரோலிங் ஸ்டோன்ஸா?' என்று சட்டையைப் பிடித்திடும் சண்டை அன்று இங்கிலாந்திலே நடந்தது. நம் ஊர்க் கொட்டகை வாசல்களிலும் இதுபோன்ற சண்டைகளைப் பார்த்தவர்கள்தாமே நாம்!

ரசிகர்கள் மோதிக்கொண்டனர். தலைவர்கள்? 1963-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு நல்ல பாட்டு ஒன்று தேவைப்பட்டது. லெனானும் மெக்கார்ட்னியும் என்ன செய்தனர் தெரியுமா? எழுதிக்கொண்டிருந்த பாட்டைத் தூக்கி அவர்களிடம் கொடுத்தனர்! மிச்சத்தை அவர்கள் எதிரிலேயே எழுதி முடித்தனர். அந்தப் பாட்டுத்தான் ஸ்டோன்ஸ் குழுவை இங்கிலாந்தின் முதல் இருபது பாட்டு வரிசைக்குள் முதன்முதலாகக் கொண்டு சென்றது. தலைவர்கள் பாட்டைப் பகிர்ந்துகொண்டனர். தொண்டர்கள் பல்லை உடைத்துக்கொண்டனர்!

அமெரிக்காவிலே பீச் பாய்ஸ் என்ற குழு. அதன் மூளை பிரையன் வில்சன். 1965 இறுதியிலே வந்த பீட்டில்ஸ் தட்டைக் கேட்டார். பொறாமைப்பட்டுப் பொருமவில்லை, இதைவிட மேலாகச் செய்வேன் என்று உழைத்தார். 1966 மே திங்களில் அவருடைய 'பெட் சவுண்ட்ஸ்' வந்தது. அதை மெக்கார்ட்னி கேட்டார். வியந்தார். 1967-இல் பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' வந்தது. எதிர்க் குழுவின் பாட்டைக் கேட்டதால் இருவரும் வளர்ந்தனர். கேளாதிருந்தால் இரண்டு தட்டுகளும் இப்படிப் பிறந்திரா!

பற்று உரிமையாக மாறும்போது வரும் கேட்டையும் கேளுங்கள். பாப் டிலன், கிதார் ஒன்றை ஏந்தி, தனியாய் நின்று, நாட்டு நடப்பைப் பாடி மக்கள் மனத்தைக் கவர்ந்தவர். அவர் மின்சாரக் கிதார் ஏந்தி, குழுவோடு பாடத் தொடங்கினார். 1966 மே 17-இல் மான்செஸ்டர் நகரிலே கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: 'யூதாஸ்!' காட்டிக் கொடுத்தவனின் பெயரைச் சூட்டிவிட்டான் ரசிகன்! எதைக் காட்டிக் கொடுத்தார் டிலன்? எவரை விற்றார்? புதிய ஒலி ஒன்றைத் தேடினார், அவ்வளவுதான். நேற்றைய டிலனைக் கூண்டிலே அடைத்து வைத்துக்கொள்ள விரும்பியவன், இன்றைய டிலன் பறந்ததும் கல்லெறிந்தான். மற்ற இசையைக் கேட்க மறுக்கும் காது, நாளடைவிலே தன் தலைவனின் புதிய பாட்டையும் கேட்க மறுத்திடும்! அந்த நோயின் முற்றிய நிலை இதுதான்.

* * *

'பேச்சு நன்றாக இருக்கிறது அண்ணே! நடைமுறைக்கு என்ன வழி? வேலைக்குப் போய் வரவே பொழுது போதவில்லை. இதில் உலகத்து இசையையெல்லாம் எங்கே கேட்பது?' என்று தம்பி மறுபடியும் மடக்குகிறார்.

நியாயமான கேள்வி. உழைப்பவனுக்கு ஓய்வு குறைவு. ஓய்வு குறைந்தவனுக்கு எதைக் கேட்பது என்பது சிந்தித்துச் செய்ய வேண்டிய செலவு. அதனால்தான் மூன்றே சொல்கிறேன்.

ஒன்று: நேசித்த பாட்டிலிருந்தே புறப்படுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கடலிலே குதிக்க வேண்டியதில்லை. 'அன்னா' பிடிக்கிறதா? ஆர்தர் அலெக்சாண்டர் பாடிய 'அன்னா'வை ஒரு முறை கேளுங்கள். தபால்காரர் பாட்டுப் பிடிக்கிறதா? அந்த மார்வலெட்ஸ் பெண்களைக் கேளுங்கள். 1967-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'பென்னி லேன்' பாட்டிலே துள்ளி எழும் ஊதுகுழல் பிடிக்கிறதா? தொலைக்காட்சியிலே டேவிட் மேசன் என்பவர் பாக்கின் பிராண்டன்பர்க் இசையை வாசித்ததை மெக்கார்ட்னி கேட்டார். அவரையே அழைத்து வந்து தம் பாட்டிலே வாசிக்க வைத்தார். அந்தக் குழல் வழியே போனால் பாக்கின் வாசல்! பற்று வைத்த பாட்டே வழிகாட்டியாய் முன்னே நடந்திடும். பின்னே நடந்தால் போதும்.

இரண்டு: புதியதற்கு மூன்று வாய்ப்புக் கொடுங்கள். முதல் முறை கேட்கும்போது எதுவும் அந்நியமாகத்தான் இருக்கும். உங்கள் உயிராகிவிட்ட பாட்டும் முதல் நாளில் வெறும் சத்தம்தான்! மூன்று முறை, பொறுமையாக, வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள். கேட்டபின் 'பிடிக்கவில்லை' என்பது சுவை. கேளாமலே 'குப்பை' என்பது ஆணவம்!

மூன்று: திரும்பி வாருங்கள். வெட்கப்படாமல் வாருங்கள். ஊர் சுற்றிவிட்டு வந்தவனுக்குத்தான் சொந்த வீட்டுத் திண்ணையின் குளிர்ச்சி தெரியும். மோட்டவுனையும் பாக்கையும் சிதாரையும் கேட்டுவிட்டு வந்து அதே பழைய பீட்டில்ஸ் தட்டைப் போடுங்கள். நேற்றுவரை கேளாத ஒலிகள் இன்று கேட்கும். இந்தத் தாளம் எங்கே பிறந்தது, இந்தக் குழைவு யாரிடம் பெற்றது என்று காது அடையாளம் காட்டிடும். பற்றுக் குறையாது, வேர் பிடிக்கும்!

இன்னும் ஓர் எச்சரிக்கை. தட்டு வாங்கப் பணம் சேர்த்த காலம் போயிற்று. இன்று கையடக்கக் கைப்பேசியிலே உலகத்துப் பாட்டெல்லாம் அடங்கியிருக்கிறது. வசதிதான். ஆனால், அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. நேற்று நீங்கள் கேட்டது எது என்று கணக்கு வைத்துக்கொண்டு, பெரும்பாலும் அதைப்போன்றதையே இன்றும் எடுத்து நீட்டும். இட்டிலி தின்றவனுக்கு இட்டிலியே பரிமாறும் ஓட்டல்! கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால், அது தானாக உங்களை வெளியே அழைத்துப் போகாது. பெயரைத் தேடி, எழுத்தை அழுத்தி, நீங்களேதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. வேலைக்குப் போகும் வழியிலே, பஸ்ஸிலே, ஒரே ஒரு பாட்டு. வாரத்துக்கு ஏழு புதிய கதவு!

* * *

தோழர்களே! லிவர்பூலில் பஸ் ஓட்டியவரின் மகன், பம்பாயிலே தரையில் அமர்ந்து சிதார் கற்றார். அலபாமாவிலே பெட்டி தூக்கியவர் எழுதிய பாட்டு, இலண்டனிலே தட்டாகி, உலகைச் சுற்றிற்று. எழுதியவரோ கிளீவ்லாந்திலே பஸ் ஓட்டினார். டெட்ராய்ட் கார்த் தொழிலாளி தொடங்கிய நிறுவனத்துப் பாட்டு, கடல் கடந்த துறைமுகத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று. உழைப்பவர் வீட்டிலிருந்து உழைப்பவர் வீட்டுக்குப் பாட்டு இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. அந்த வழியை நம் வீட்டு வாசலிலே நாமே அடைத்துவிடலாமா?

நேசியுங்கள் அந்த நால்வரை. நெஞ்சாரப் போற்றுங்கள். அவர்கள் படத்தைச் சுவரிலே மாட்டுவதாயினும் மாட்டுங்கள், தவறில்லை. ஆனால், அந்தச் சுவரிலே சன்னல் ஒன்றும் இருக்கட்டும். சன்னல் திறந்தே இருக்கட்டும்.

இன்றிரவு 'அன்னா'வைக் கேட்டிடுவோர், கேட்டு முடித்ததும் ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆர்தர் அலெக்சாண்டர். பிறகு அவர் குரலிலே அதே பாட்டைத் தேடிக் கேளுங்கள். பீட்டில்ஸுக்குச் செய்திடும் துரோகம் அல்ல அது. பீட்டில்ஸே செய்த வேலை!